ஸ்போர்ட்ஸ் கார் இன்ஜின் ஆயில்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

இன்ஜின் ஆயிலுக்கு வேலை நான்கு. உராய்வைக் குறைக்க வேண்டும். பிஸ்டன், டர்போ போன்ற பாகங்களின் சூட்டை எடுத்துப்போக வேண்டும். எரிபொருள் எரிவதால் சேரும் கரியையும் அமிலத்தையும் தாங்கிக்கொள்ள வேண்டும். பல இன்ஜின்களில் வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் பாகங்களைத் தன் அழுத்தத்தால் இயக்கவும் வேண்டும். ஸ்போர்ட்ஸ் காரில் சுழற்சி வேகமும் சூடும் கூடுதல். அதனால் தவறான ஆயிலின் விளைவு அதில் சீக்கிரமே தெரிந்துவிடும்.

சென்னையிலிருந்து சேலம், கோவை போகும் கார்கள் உளுந்தூர்பேட்டையில் திரும்பி எலவனாசூர்கோட்டை, தியாகதுருகம், கள்ளக்குறிச்சி வழியாகச் செல்கின்றன. இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்திலிருந்து கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேக்குப் போகவும் இது ஒரு வழி. தியாகதுருகம் வட்டாரத்தில் ஒரு கார் மூன்று விதமாக ஓடுகிறது: நான்குவழிச் சாலையில் நிற்காமல் ஓடும் நெடும்பயணம், கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்குக் கல்வராயன் மலைப்பாதையில் ஏறும் ஏற்றம், கடைவீதிக்குப் போய்த் திரும்பும் குட்டி ஓட்டம். மூன்றும் ஆயிலை மூன்று விதமாகப் பாதிக்கின்றன. பட்டறைகளிலும் பெட்ரோல் பங்க்குகளிலும் சொல்லப்படும் பல நம்பிக்கைகள் இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுப்பதில்லை.

நம்பிக்கை 1: வெயில் ஊருக்குக் கெட்டியான ஆயில்தான் தாங்கும்

உண்மை: சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொட்டாலும், ஓடும் இன்ஜினுக்குள் ஆயிலின் சூட்டை முடிவு செய்வது இன்ஜின்தான். கூலன்ட்டின் சூட்டைத் தெர்மோஸ்டாட் 90 டிகிரியை ஒட்டி நிறுத்துகிறது. நெடுஞ்சாலையில் ஆயில் பெரும்பாலும் 90 முதல் 110 டிகிரிக்குள் இருக்கும். தியாகதுருகத்துக்கும் ஜெர்மனிக்கும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை. பந்தயத் தடத்தில் முழு வேகத்தில் சுற்றும்போதுதான் அது 120 டிகிரியைத் தாண்டுகிறது.

எவ்வளவு கெட்டியான ஆயில் வேண்டும் என்பது பேரிங்குக்கும் கிராங்க் ஷாஃப்டுக்கும் நடுவே விடப்பட்ட இடைவெளி, ஆயில் பம்பின் திறன், ஆயில் கூலரின் அளவு ஆகியவற்றைப் பொறுத்தது. டொயோட்டா 86 ஸ்போர்ட்ஸ் காருக்கு நிறுவனம் சொல்வது மெல்லிய 0டபிள்யூ-20 (கடைசி எண் கூடினால் சூட்டில் ஆயில் கூடுதல் கெட்டி). பிஎம்டபிள்யூவின் வி8 இன்ஜின் எம்3 காருக்கு 10டபிள்யூ-60. ஃபோர்டு மஸ்டாங் ஜிடி 5டபிள்யூ-20 கேட்டது. அதே தலைமுறையில் வந்த ஷெல்பி ஜிடி350 5டபிள்யூ-50 கேட்டது. 0டபிள்யூ-20-க்கு வடிவமைத்த இன்ஜினில் 20டபிள்யூ-50 ஊற்றினால் மெல்லிய துளைகள் வழியே ஆயில் மெதுவாகப் போகும்; வால்வு டைமிங் தாமதமாகும்; மைலேஜும் குறையும். 10டபிள்யூ-60 கேட்கும் இன்ஜினில் மெல்லிய ஆயில் ஊற்றினால் பேரிங்கின் மேல் இருக்க வேண்டிய ஆயில் படலம் கிழியும்.

நம்பிக்கை 2: 0டபிள்யூ, 5டபிள்யூ பனி விழும் நாட்டுக்கு மட்டும்

உண்மை: டபிள்யூ எழுத்து குளிர்காலத்தைக் குறிப்பது உண்மைதான். வாகனப் பொறியாளர் அமைப்பான எஸ்ஏஇ வகுத்த ஜே300 தரத்தின்படி, 5டபிள்யூ ஆயில் மைனஸ் 35 டிகிரியிலும் பம்பால் இழுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட குளிர் கல்வராயன் மலை உச்சியிலும் வராது. ஆனால் இரவெல்லாம் நின்ற இன்ஜினுக்குத் தமிழ்நாட்டு விடியற்காலையும் குளிர்தான். சராசரியான ஒரு 5டபிள்யூ-30 ஆயிலின் பிசுக்கு 100 டிகிரியில் 10 சென்டிஸ்டோக்ஸ் அளவில் இருக்கிறது. 40 டிகிரியில் 60-ஐத் தாண்டுகிறது. 25 டிகிரி காலையில் அது இன்னும் கூடுதல். இன்ஜினைக் கிளப்பிய முதல் சில நொடிகளில் மேல்பாகத்துக்கு ஆயில் விரைவாக ஏறுவது நல்லது. அந்த வெப்பநிலையில் 0டபிள்யூவுக்கும் 5டபிள்யூவுக்கும் இடையே வித்தியாசம் சிறிதுதான். காரோடு வரும் மேனுவல் இரண்டையும் அனுமதித்தால் எதை வாங்கினாலும் குறையில்லை. சூடான இன்ஜினுக்குப் பொருந்துவது இரண்டாவது எண். அதை மனம்போல் மாற்றக் கூடாது.

நம்பிக்கை 3: கிரேடு எண் ஒத்துப்போனால் எந்த ஆயிலும் ஒன்றே

உண்மை: ஒரே 5டபிள்யூ-40 எண் கொண்ட இரண்டு கேன்களில் இருப்பது ஒரே சரக்கு என்று சொல்ல முடியாது. எண் சொல்வது பிசுக்கை மட்டும். ஆயிலில் கலந்துள்ள வேதிப்பொருள்களின் தரத்தைச் சொல்வது கேனின் பின்பக்கம் சிறிய எழுத்தில் இருக்கும் தகுதி வரிகள். 2020-இல் வந்த ஏபிஐ எஸ்பி தரம், நேரடியாகப் பெட்ரோல் பீச்சும் டர்போ இன்ஜின்களில் தீப்பொறிக்கு முன்பே கலவை பற்றிக்கொண்டு பிஸ்டனை உடைக்கும் கோளாறைத் தடுப்பதற்கான சோதனையையும் உள்ளடக்கியது. போர்ஷே ஏ40, மெர்சிடிஸ் 229.5 போன்றவை அந்தந்த நிறுவனங்கள் தம் சோதனைக்குப் பிறகு தரும் ஒப்புதல்கள். 'ஒப்புதல் பெற்றது' என்பதும் 'பயன்படுத்த ஏற்றது' என்பதும் ஒன்றல்ல. பின்னது ஆயில் விற்பவரே சொல்லிக்கொள்வது.

ஸ்போர்ட்ஸ் பைக் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச்சும் இன்ஜின் ஆயிலிலேயே நனைகிறது. அதற்கு ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 தகுதி வேண்டும். வழுக்கலைக் கூட்டும் பொருள் சேர்ந்த கார் ஆயிலை ஊற்றினால் ஏற்றத்தில் கிளட்ச் வழுக்கும்.

நம்பிக்கை 4: ரேஸ் ஆயில் ஊற்றினால் கார் ரேஸ் கார்போல் ஓடும்

உண்மை: பந்தய ஆயில் சில மணி நேரத்துக்காகச் செய்யப்படுவது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பந்தய இன்ஜின்களிலும் விமான இன்ஜின்களிலும் ஆமணக்கெண்ணெய் பயன்பட்டது. கடும் சூட்டிலும் உலோகத்தை விட்டு அகலாமல் ஒட்டி நின்றது அதன் பலம். பிசினாக இறுகிப் படிந்தது அதன் பலவீனம். பந்தயம் முடிந்ததும் இன்ஜினைப் பிரித்துத் துடைப்பவர்களுக்கு அது பொருட்டில்லை. இன்றைய பந்தய ஆயில்கள் பலவற்றிலும் தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாகம், பாஸ்பரஸ் கூடுதல். அழுக்கைக் கழுவும் பொருள் குறைவு. அந்தப் பாஸ்பரஸ், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் செயலிழக்கச் செய்யும். சாலையில் ஓடும் காருக்குச் சாலைக்கான ஆயிலே சரி.

நம்பிக்கை 5: எந்தக் காரானாலும் 5,000 கிலோமீட்டரில் ஆயில் மாற்ற வேண்டும்

உண்மை: மினரல் ஆயிலும் கந்தகம் மிகுந்த எரிபொருளும் இருந்த காலத்துக் கணக்கு இது. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் விற்கும் பிஎஸ்6 பெட்ரோலிலும் டீசலிலும் கந்தகத்தின் உச்ச அளவு பத்து லட்சத்தில் 10 பங்கு. இந்தியாவில் பல பெட்ரோல் கார்களுக்கு நிறுவனமே சொல்லும் இடைவெளி 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இதில் எது முன்னால் வருகிறதோ அது.

இந்தக் கணக்கு சாதாரண ஓட்டத்துக்கு. கடும் பயன்பாடு என்று மேனுவல்கள் பட்டியலிடுபவை வேறு: இன்ஜின் சூடேறும் முன்பே முடியும் குட்டி ஓட்டம், புழுதிச் சாலை, இடைவிடாத மலையேற்றம், பந்தயத் தட ஓட்டம். உளுந்தூர்பேட்டை - சேலம் சாலையில் மட்டும் ஓடும் காரின் ஆயில் முழு இடைவெளிக்கும் தாங்கும். வாரம்தோறும் வெள்ளிமலை ஏறி, கரும்பு வண்டிகள் போகும் மண்பாதையிலும் ஓடும் காருக்கு மேனுவலில் உள்ள கடும் பயன்பாட்டு இடைவெளியே பொருந்தும். தடத்தில் ஓட்டிய காருக்குக் கிலோமீட்டர் கணக்கை விட்டுவிட்டு, சில தட நாள்களுக்கு ஒருமுறை மாற்றுவதே வழக்கம். ஒவ்வொரு மாற்றத்திலும் ஆயில் ஃபில்டரையும் டிரெயின் போல்ட்டின் வாஷரையும் புதிதாகப் போட வேண்டும்.

நம்பிக்கை 6: ஓடாமல் நிற்கும் காரின் ஆயில் கெடாது

உண்மை: விடுமுறை நாளில் மட்டும் வெளியே வரும் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு இந்த நம்பிக்கைதான் அதிகம் கேடு செய்கிறது. பெட்ரோல் எரியும்போது நீராவி பிறக்கிறது. ஆயில் 90 டிகிரியை ஒட்டிச் சூடேறிச் சற்று நேரம் ஓடினால்தான் அந்த ஈரம் ஆவியாகி வெளியேறும். கொட்டகையில் நிற்கும் காரைக் கிளப்பி ஐந்து நிமிடத்தில் அணைத்தால், எரியாத பெட்ரோலும் நீரும் ஆயிலிலேயே தங்கி அமிலமாக மாறிப் பேரிங்கை அரிக்கும். ஆண்டுக்கு 1,000 கிலோமீட்டர் ஓடிய காருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை ஆயில் மாற்றம் தேவை. கிளப்பினால் அரை மணி நேரமாவது சாலையில் ஓட்ட வேண்டும்.

நம்பிக்கை 7: கறுத்த ஆயில் கெட்ட ஆயில்

உண்மை: கரியைத் தன்னோடு சுமந்து ஃபில்டருக்குக் கொண்டுபோவது நல்ல ஆயிலின் வேலை. டீசல் இன்ஜினில் சில நூறு கிலோமீட்டரிலேயே ஆயில் கறுத்துவிடும். டிப்ஸ்டிக்கில் கவனிக்க வேண்டிய அடையாளங்கள் வேறு. மோர் போன்ற வெளுப்பு இருந்தால் தண்ணீர் அல்லது கூலன்ட் கலந்திருக்கிறது. பெட்ரோல் வாடையும், ஊற்றாமலே உயரும் அளவும் எரிபொருள் கலப்பைக் காட்டும். விரலில் தேய்க்கும்போது மின்னும் துகள் தெரிந்தால் உலோகம் தேய்கிறது. காரை ஓட்டாமல் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

நம்பிக்கை 8: கொஞ்சம் கூடுதலாக ஊற்றினால் பாதுகாப்பு

உண்மை: அளவு மிஞ்சினால் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரை உராய்வைத் தடுக்காது. குறைந்தாலும் ஆபத்துதான்: கொண்டை ஊசி வளைவில் வேகமாகத் திரும்பும்போது இன்ஜின் அடியிலுள்ள தொட்டியான சம்பின் ஒரு பக்கம் ஆயில் ஒதுங்க, பம்ப் காற்றை இழுக்கும். சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துச் சில நிமிடம் கழித்து, டிப்ஸ்டிக்கைத் துடைத்து மறுபடி விட்டு எடுத்துப் பார்ப்பது பொதுவான முறை. ஆயிலைத் தனித் தொட்டியில் வைத்திருக்கும் டிரை சம்ப் கார்கள் சிலவற்றில் இன்ஜின் சூடாகி ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அளவு பார்க்க வேண்டும். இதற்கும் மேனுவலே வழி.

நம்பிக்கை 9: வடித்த ஆயிலைக் கரையானுக்கு ஊற்றலாம்

உண்மை: பந்தல் காலுக்கும் வேலிக் கம்பத்துக்கும் பழைய ஆயில் பூசும் வழக்கம் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. பயன்படுத்திய ஆயிலில் தேய்ந்த உலோகங்களும், புற்றுநோய் உண்டாக்கக்கூடிய கரிமச் சேர்மங்களும் சேர்ந்திருக்கின்றன. அது மண்ணில் இறங்கினால் கிணற்று நீரைக் கெடுக்கும். கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகி ஆறும் மணிமுக்தா ஆறும் கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் பாசனத்துக்கு ஆதாரம். சட்டப்படி பயன்படுத்திய ஆயில் அபாயகரக் கழிவு. அதை மறுசுழற்சிக்குக் கொண்டுபோகும் பொறுப்பு 2024 ஏப்ரல் 1 முதல் ஆயில் உற்பத்தியாளர்கள், இறக்குமதியாளர்கள் மீதும் சுமத்தப்பட்டுள்ளது. வீட்டிலேயே ஆயில் மாற்றுபவர்கள் வடித்த ஆயிலை மூடியுள்ள கேனில் அடைத்து, பழைய ஆயிலை முறையாகச் சேகரிக்கும் சர்வீஸ் சென்டரில் ஒப்படைக்க வேண்டும். வாய்க்காலிலோ வயல்வரப்பிலோ ஒரு சொட்டும் விழக் கூடாது.