செல்ஃப் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லையா? மீட்டரை எடுங்கள்

கண்ணமங்கலம் கூட்ரோட்டைத் தாண்டி அமிர்தி பக்கமோ படவேடு பக்கமோ ஜவ்வாது மலையடிவாரத்துக்குள் நுழைந்துவிட்டால், ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடையைத் தேடி மறுபடி வேலூர் சாலைக்குத்தான் வர வேண்டும். ஆடி வெள்ளிக்குப் படவேடு ரேணுகாம்பாளைக் கும்பிட்டுவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றுகிறது, வண்டி மட்டும் கிளம்ப மாட்டேன் என்கிறது. டேஷ்போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு மின்னுகிறது. திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் உங்கள் சாவிக்குள் இருக்கும் சிப்பை ஏற்கவில்லை என்று அர்த்தம். “என்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரான இசிஎம் போச்சு” என்று யாராவது பெரிய தொகை சொல்வதற்கு முன், சில நூறு ரூபாய் மல்டிமீட்டரை வைத்து நீங்களே பார்க்கக்கூடியவை இவை.

1. முதலில் விளக்கைப் பாருங்கள். சாவியை ‘ஆன்’ நிலைக்குத் திருப்பியதும் விளக்கு ஓரிரு நொடி எரிந்து அணைந்தால் சாவி ஏற்கப்பட்டுவிட்டது. கோளாறு பெட்ரோல் பம்ப், சென்சார் என்று வேறெங்கோ. விடாமல் மின்னினால் ஏற்கவில்லை. சில மாடல்களில் தனி விளக்கு கிடையாது, என்ஜின் விளக்கே மின்னும். எந்த விளக்கு எப்படி என்பது வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். வண்டி ஸ்டார்ட் ஆகி ஓரிரு நொடியில் நின்றுபோவதும் இம்மொபிலைசரின் வேலையாக இருக்கலாம். சாவியை ‘ஸ்டார்ட்’டில் பிடித்திருக்கும்வரை ஓடி, விட்டதும் நின்றால் இம்மொபிலைசரைத் திட்டாதீர்கள். அது பெரும்பாலும் இக்னிஷன் சுவிட்ச் தேய்மானம்.

2. சாவிக்கொத்தைப் பிரியுங்கள். வேறொரு காரின் சிப் சாவியோ பெரிய உலோக வளையமோ பக்கத்தில் இருந்தால் சிக்னல் குழம்பும். சாவியைத் தனியாக எடுத்து, ஆஃப் செய்து, கொஞ்சம் பொறுத்து மறுபடி திருப்புங்கள். பிறகு ஸ்பேர் சாவி. அதில் வண்டி கிளம்பினால் காரில் ஒன்றுமில்லை, பழைய சாவியின் சிப்தான் போயிருக்கிறது.

3. மீட்டரில் கறுப்பு ஒயர் ‘காம்’ துளையில், சிவப்பு ஒயர் வோல்ட்-ஓம் துளையில். 10 ஆம்ப் துளையில் சிவப்பைச் செருகிய நினைவே இல்லாமல் பேட்டரியில் வைத்தால் நேரடி ஷார்ட். மலிவான மீட்டர்களில் அந்தத் துளைக்கு ஃப்யூஸ்கூடக் கிடையாது. வோல்டேஜ் பார்க்க டிசி 20. ஓம் பார்க்கும்போது அந்த ஒயரில் கரண்ட் இருக்கக் கூடாது.

4. பேட்டரி. சிப்பைச் சந்தேகிக்குமுன் இதைச் சந்தேகியுங்கள். வண்டி சிறிது நேரம் ஓடாமல் நின்றபின் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் டவுன். அதைவிட முக்கியமானது செல்ஃப் அடிக்கும்போது வரும் அளவு. கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, ஒருவர் சாவியைத் திருப்ப இன்னொருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால், சாவியைப் படிக்கும் யூனிட்டும் இசிஎம்மும் ஒன்றோடொன்று பேசவே முடியாமல் போகலாம். மலைமேல் தங்கிய இரவுக்கு மறுநாள் காலைக் குளிரில் பழைய பேட்டரி இன்னும் சோர்ந்து போகும். டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளை உப்பைச் சுரண்டி, இறுக்கிவிட்டு மறுபடி பாருங்கள்.

5. சாவிக்குள் இருக்கும் சின்ன பேட்டரி 3 வோல்ட். அது கதவைத் திறக்கும் ரிமோட்டுக்கு மட்டும். சாவியைச் செருகித் திருப்பும் கார்களில் சிப்புக்குப் பேட்டரியே தேவையில்லை. லாக்கைச் சுற்றியுள்ள காயில் அனுப்பும் அலையிலிருந்தே அது சக்தி எடுத்துக்கொள்ளும். பட்டன் ஸ்டார்ட் காரில் சாவி பேட்டரி தீர்ந்தால், சாவியைப் பட்டனை ஒட்டிப் பிடித்து அழுத்தினால் பல மாடல்கள் ஏற்கும்.

6. சிப்பை மீட்டரால் அளக்க முடியாது, முயற்சியே வேண்டாம். 1986 மாடல் செவர்லே கார்வெட்டில் சாவியின் தண்டிலேயே ஒரு ரெசிஸ்டர் பதித்திருந்தார்கள். 402 ஓம் முதல் 11,800 ஓம் வரை மொத்தம் 15 அளவுகள், அவ்வளவுதான். மீட்டரை வைத்தால் சாவியின் ரகசியம் வெளியே வந்துவிடும். இன்றைய சிப் ரேடியோ அலையில் பேசுகிறது. அதனால் நாம் அளப்பது சிப்பைச் சுற்றியுள்ளதை மட்டும்தான்.

7. அடுத்து இம்மொபிலைசர், இசிஎம் ஃப்யூஸ்கள். ஃப்யூஸைப் பிடுங்க வேண்டாம். அதன் தலையில் இரண்டு உலோகப் புள்ளிகள் தெரியும். இக்னிஷன் ஆனில் வைத்து, கறுப்பு முனையைப் பாடி எர்த்தில் பிடித்து, சிவப்பால் இரண்டையும் தொடுங்கள். இரண்டிலும் 12 வந்தால் நல்லது. ஒன்றில் மட்டும் வந்தால் எரிந்துவிட்டது. மாற்றியதும் மறுபடி எரிந்தால் பெரிய ஆம்ப் ஃப்யூஸ் போடாதீர்கள். நெல் வயலும் வேர்க்கடலைக் கொல்லையும் சூழ்ந்த ஊரில் நிற்கும் காருக்குள் எலி புகுந்து ஒயரைக் கடிப்பது சாதாரணம். பானெட்டைத் திறந்து எலிப் புழுக்கை இருக்கிறதா என்று பாருங்கள்.

8. எர்த். கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவில், சிவப்பு முனை என்ஜின் பிளாக்கில். செல்ஃப் அடிக்கும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிள் துருப்பிடித்திருக்கிறது அல்லது தளர்ந்திருக்கிறது.

9. லாக்கைச் சுற்றியுள்ள காயில். இக்னிஷனை ஆஃப் செய்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றியபின் காயிலின் பிளக்கைப் பிரித்து ஓம் பாருங்கள். பெரும்பாலும் குறைந்த ஓம்தான் வரும். சரியான அளவு மாடலுக்கு மாடல் மாறும். எண்ணே வராமல் ‘1’ அல்லது ‘ஓஎல்’ என்று நின்றால் காயில் அறுந்துவிட்டது. ஆனால் காயிலும் யூனிட்டும் ஒன்றாகவே சேர்ந்த மாடல்களில் இந்தச் சோதனை பலிக்காது. அங்கே பிளக்குக்குக் கரண்டும் எர்த்தும் வருகிறதா என்று பார்ப்பதோடு சரி.

10. செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியவர்கள் இதை நிதானமாகப் படிக்கவும். கம்பெனி இம்மொபிலைசர் சமர்த்தாக இருக்க, பழைய ஓனர் வெளிக்கடையில் போட்ட அலாரமோ, கடன் கொடுத்தவர் மாட்டிய ஜிபிஎஸ்ஸோ வண்டியை நிறுத்தியிருக்கலாம். ஸ்டியரிங்குக்குக் கீழே இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒட்டு ஒயர் தெரிகிறதா, அதன் முனையில் கறுப்பு ரிலே தொங்குகிறதா பாருங்கள். ரிலேயின் அடியில் 30, 85, 86, 87, 87ஏ என்று எண்கள் இருக்கும். கழற்றி, 85-க்கும் 86-க்கும் இடையே ஓம் பாருங்கள். சுமார் 70 முதல் 100 வரை வந்தால் காயில் நன்றாக இருக்கிறது. 30-க்கும் 87ஏ-க்கும் இடையே கரண்ட் கொடுக்காமலே தொடர்பு இருக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே கான்டாக்ட் கரிந்துவிட்டது. என்னைக் கேட்டால் இப்படிப்பட்ட ஒட்டு வேலையைச் சரிசெய்வதைவிட, எலக்ட்ரீஷியனை வைத்து முழுவதும் பிரித்துக் கம்பெனி ஒயரிங்குக்குத் திருப்புவதே மேல். கடன் பாக்கி இருக்கும் வண்டியானால் கடன் கொடுத்தவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

11. மஞ்சள் நிற பிளக்கையோ மஞ்சள் உறை போட்ட ஒயரையோ மீட்டரால் தொடவே கூடாது. அது ஏர்பேக். ஓம் சோதனைக்கு மீட்டர் அனுப்பும் சின்ன கரண்டும் அங்கே ஆபத்து. இசிஎம் பின்களில் ஓம் பார்ப்பதும் வேண்டாம்.

12. இவ்வளவும் சரியாக இருந்தும் விளக்கு மின்னினால் மீட்டரின் வேலை முடிந்தது. எடுத்த அளவுகளை ஒரு தாளில் எழுதி, ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் கொடுங்கள். புதுச் சாவியின் தண்டை எந்தக் கடையிலும் வெட்டலாம். சிப்பை அந்த வண்டியில் பதிவு செய்ய ஸ்கேனர் வேண்டும். “இம்மொபிலைசரையே தூக்கிவிடலாம்” என்று சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

13. கார் வாங்கும்போதே இரண்டு சாவியையும், சாவி எண் பொறித்த சிறு தகட்டையும் கேட்டு வாங்குங்கள். வண்டி திருடு போனால் இன்சூரன்ஸ் கம்பெனி எஃப்ஐஆரோடு இரண்டு ஒரிஜினல் சாவியையும் கேட்கும். அந்தத் தகட்டை வீட்டு பீரோவில் வையுங்கள், காரின் டேஷ்போர்டில் வேண்டாம்.