குழந்தையின் உடலில் மறு: எப்போது கவலைப்பட வேண்டும்?

பிறந்த குழந்தையின் உடலில் மறுவைக் கண்டதும், "கிரகணத்தன்று வெளியே போனாய்" என்று தாயைக் குறைகூறுவோர் நம் கிராமங்களில் உளர். இது தவறு. தாய் செய்த எதுவும் மறுவுக்குக் காரணமன்று.

நீல மறு: இடுப்பின் கீழும் பிட்டத்திலும் பிறப்பிலேயே காணப்படும். கன்றிய காயம் போலத் தோன்றினாலும் நோவதில்லை. பெரும்பாலும் சில ஆண்டுகளில் மறைந்துவிடும்.

வெண்பருக்கள்: மூக்கிலும் கன்னத்திலும் ஊசிமுனை அளவில் இருக்கும். கிள்ள வேண்டாம், சில வாரங்களில் தாமே மறையும்.

வேர்க்குரு: குழந்தையைத் துணிகளால் இறுகச் சுற்றாதீர்கள். மெல்லிய பருத்தி உடையே போதும்.

செம்மறு: பிறந்து சில வாரங்களில் சிவந்து புடைக்கும். முதல் 5 மாதங்களில் விரைவாக வளர்ந்து, பின்னர் மெல்லச் சுருங்கும். பெரும்பாலும் சிகிச்சை தேவையில்லை. ஆனால் கண், மூக்கு, உதடு அருகே இருப்பின் தாமதியாது வைத்தியரிடம் காட்டுங்கள். கண்ணை மறைத்தால் பார்வை குன்றலாம். இதற்கு இன்று மருந்து உண்டு. மறு வளரும் மாதங்களில் கொடுத்தாலே நல்ல பயன் தரும்.

எந்த மறுவிலும் சுண்ணாம்போ பச்சிலைச் சாறோ பூசாதீர்கள், சூடு வைக்காதீர்கள். சீழ்க் கொப்புளம், தொப்புளைச் சுற்றிச் சிவப்பு, காய்ச்சல், பால் குடிக்க மறுத்தல் ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டாலும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். மற்றைய ஐயங்களை, வீட்டுக்கு வரும் குடும்பநல மாதுவிடம் கேட்டறியுங்கள்.