டூரிஸ்ட் விசாவில் வந்தவரைக் கைப்பிடிக்கலாமா?

"டூரிஸ்ட் விசாவில் வந்தவரைக் கல்யாணம் செய்தால் அது சட்டவிரோதம். போலீஸ் வந்து விமானத்தில் ஏற்றிவிடும்." வெளிநாட்டுக்காரர் ஒருவரை வீட்டுக்கு அழைத்துவந்து "இவரைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறேன்" என்று சொல்லும் பிள்ளைகள் முதலில் கேட்கும் மிரட்டல் இதுதான். தாய்மாமா சொல்வார், பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற அதிகாரி சொல்வார், சில ஊர்களில் ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருக்கும் பத்திர எழுத்தரும் சொல்வார். இதை நம்பி எத்தனையோ ஜோடிகள் தேவையில்லாமல் பயந்து ஒளிகிறார்கள், அல்லது தரகரிடம் பணத்தைக் கொட்டுகிறார்கள்.

இந்தியாவில் எந்தச் சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி இந்தியாவுக்குள் திருமணம் செய்துகொள்ள மணமக்கள் இந்தியக் குடிமக்களாக இருக்க வேண்டியதில்லை. இருவருமே வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்களாக இருந்தாலும் தடையில்லை என்று 2023-இல் டெல்லி உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. விசா விதிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். டூரிஸ்ட் விசாவை நாட்டுக்குள் இருந்தபடி வேறு விசாவாக மாற்றிக்கொள்ளப் பொதுவாக அனுமதி கிடையாது. அதற்கு உள்துறை அமைச்சகம் வைத்திருக்கும் மிகச் சில விதிவிலக்குகளில் ஒன்று, அந்த விசா செல்லுபடியாகும் காலத்தில் இந்தியரை மணந்தவர். திருமணமே குற்றம் என்றால் இந்த விதிவிலக்குக்கு இடமே இருந்திருக்காது.

குழப்பம் எங்கே வருகிறதென்றால், இரண்டு வேறு விஷயங்களை நம் ஆட்கள் ஒன்றாகப் போட்டுப் பிசைந்துவிடுகிறார்கள். திருமணம் செல்லுமா என்பது சார்பதிவாளர் பார்க்கும் விஷயம். எத்தனை நாள் இங்கே தங்கலாம் என்பது எஃப்.ஆர்.ஆர்.ஓ. எனப்படும் வெளிநாட்டவர் பதிவு அலுவலகம் பார்க்கும் விஷயம். இங்கே கிடைத்த சான்று அங்கே தானாக வேலை செய்யாது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மீதிக் கட்டுக்கதைகளில் பாதி உதிர்ந்துவிடும்.

"கோயிலில் தாலி கட்டிவிட்டால் போதும். போட்டோவைக் காட்டிப் பதிவு செய்துகொள்ளலாம்."

திருவண்ணாமலையிலும் மாமல்லபுரத்திலும் பட்டு வேட்டி கட்டிய வெள்ளைக்கார மாப்பிள்ளையைப் பார்த்திருப்பீர்கள். பார்க்கக் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். ஆனால் அந்தத் தாலிக்குச் சட்டத்தில் என்ன மதிப்பு என்பது மாப்பிள்ளையின் பாஸ்போர்ட்டைப் பொறுத்ததல்ல, மதத்தைப் பொறுத்தது. இந்து திருமணச் சட்டம் இரு இந்துக்களுக்கு இடையே நடக்கும் திருமணத்தை மட்டுமே ஏற்கிறது. இந்துவாக இருக்கும் ஒருவரும் கிறிஸ்தவராக இருக்கும் ஒருவரும் இந்து முறைப்படி செய்துகொண்ட திருமணம் அந்தச் சட்டத்தின்கீழ் செல்லாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. 1967-இல் தமிழ்நாடு கொண்டுவந்த சுயமரியாதைத் திருமணத் திருத்தத்துக்கும் இதே எல்லைதான். புரோகிதர் இல்லாமல் மாலை மாற்றிக்கொண்டாலே போதும் என்கிறது அது, ஆனால் இருவரும் இந்துவாக இருக்க வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. யாழ்ப்பாணத்தை வேராகக் கொண்ட, கனடா பாஸ்போர்ட் வைத்திருக்கும் சைவக் குடும்பத்துப் பையன் டூரிஸ்ட் விசாவில் வந்து திருச்சிப் பெண்ணைக் கோயிலில் முறைப்படி மணந்தால், இருவருமே இந்துக்கள் என்பதால் அது முழுமையான திருமணம். 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்தால் போதும், முன்கூட்டி அறிவிப்புக் கொடுத்துக் காத்திருக்க வேண்டியதில்லை. மாப்பிள்ளையோ பெண்ணோ கிறிஸ்தவர் என்றால் 1872-ஆம் ஆண்டின் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் இருக்கிறது. இருவரில் ஒருவர் கிறிஸ்தவராக இருந்தாலே அது பொருந்தும்.

வெளிநாட்டவர் உண்மையாகவே இந்துவாக மாறியிருந்தால்? அதற்குச் சடங்கு எதுவும் கட்டாயமில்லை, உள்ளார்ந்த எண்ணமும் அதைக் காட்டும் நடத்தையும் போதும் என்று ஒரு வழக்கில் 1970-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் விசாவுக்காக ஒரே நாளில் பெயரை மாற்றிக்கொண்டு வாங்கும் மதமாற்றச் சான்றை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். நாளைக்கு ஜீவனாம்சமோ வாரிசுரிமையோ என்று வழக்கு வரும்போது, எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கை வைக்கும் இடம் அதுதான். அந்த வழக்கில் பெரும்பாலும் நஷ்டப்படப்போவது நம் வீட்டுப் பெண்.

இதோடு ஒட்டியே இன்னொன்று: "விசாவுக்கு அப்ளை பண்ண இப்போதைக்குப் பதிவை முடித்துவிடுவோம், கல்யாணத்தை அப்புறம் ஊர் கூட்டி நடத்துவோம்." 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இந்த வழக்கத்தைப் பெயர் சொல்லியே கண்டித்தது. இந்து திருமணச் சட்டத்தில் சடங்கு நடக்காமல் சான்றிதழ் மட்டும் வாங்கிவைத்தால் அங்கே திருமணமே நடக்கவில்லை என்றது தீர்ப்பு.

ஆக, மதம் வேறாக இருக்கும் ஜோடிகளில் பெரும்பாலோருக்கு நேர்வழி சிறப்புத் திருமணச் சட்டம்தான். அதைச் சுற்றித்தான் கதைகளும் அதிகம். முதல் கதை, வெளிநாட்டவர் அந்த ஊரில் 30 நாள் தங்கியிருக்க வேண்டும் என்பது. அப்படி இல்லை. இருவரில் ஒருவர் அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்தால் போதும். உங்கள் மகள் மதுரையிலேயே வாழ்கிறாள் என்றால் அந்த நிபந்தனை ஏற்கெனவே நிறைவேறிவிட்டது.

இரண்டாவது 30 நாள்தான் பலரைத் தடுக்கிவிடுகிறது. திருமண அறிவிப்பைக் கொடுத்த பிறகு ஆட்சேபனைக்காக 30 நாள் காத்திருக்க வேண்டும். 30 நாள் இ-டூரிஸ்ட் விசாவில் வந்திறங்கும் ஒருவருக்கு இது எப்படியும் போதாது. வந்த மறுநாளே அறிவிப்புக் கொடுத்தாலும் கல்யாண நாளுக்கு முன்பே விசா முடிந்துவிடும். இந்தக் கணக்கைப் போடாமல் மண்டபம் பிடித்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பலர் கவனிக்காத ஒரு வசதியும் சட்டத்திலேயே இருக்கிறது. அந்த 30 நாளும் இருவரும் இங்கேயே இருக்க வேண்டும் என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. அறிவிப்பு கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் திருமணத்தை நடத்தினால் போதும். பலமுறை வந்துபோகும் விசா இருந்தால், அறிவிப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஊருக்குப் போய் வேலையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வரலாம். மூன்று மாதத்தைத் தாண்டிவிட்டால் மட்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

திரும்பி வரவே முடியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் நடந்த ஒரு வழக்கு இருக்கிறது. 2022-இல் அமெரிக்காவிலிருந்து வந்த மணமகன், மணமகளோடு நேரில் போய் அறிவிப்புக் கொடுத்து 30 நாளும் காத்திருந்தார். காலக்கெடு முடிந்தும் அதிகாரி திருமணத்தை நடத்திவைக்கவில்லை. லீவு தீர்ந்து மணமகன் திரும்பிவிட்டார். மணமகள் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். மூன்று சாட்சிகள் முன்னிலையில் வீடியோ வழியாகத் திருமணத்தை நடத்திவைக்கவும், மணமகனின் பவர் வைத்திருக்கும் மணமகளே இருவருக்குமாகப் பதிவேட்டில் கையெழுத்திடவும் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் உத்தரவிட்டார். சட்டம் மனிதர்களின் வசதிக்காக வளைந்துகொடுத்த அருமையான தருணம் அது. ஆனால் "இப்போதெல்லாம் வீடியோ காலிலேயே ரிஜிஸ்டர் மேரேஜ்" என்று அதிலிருந்து ஒரு புதுக் கட்டுக்கதையை உருவாக்க வேண்டாம். நீதிமன்றம் வரை போய்ப் பெற்ற உத்தரவு அது.

அறிவிப்புப் பலகையைப் பற்றிய பயமும் பெரிது. அதில் என்ன இருக்கும் என்று தெரிந்துகொள்வது நல்லது: இருவரின் பெயர், வயது, தொழில், மணமாகாதவரா விவாகரத்தானவரா என்ற விவரம், இப்போது குடியிருக்கும் இடம், நிரந்தர முகவரி, அங்கே எவ்வளவு காலமாக வசிக்கிறார் என்பது. ஒருவரின் நிரந்தர முகவரி வேறு மாவட்டம் என்றால் அந்த ஊர் அலுவலகத்துக்கும் ஒரு நகல் போகும், அங்கேயும் ஒட்டப்படும். சென்னையில் சத்தமில்லாமல் முடித்துவிடலாம் என்று நினைத்த பெண்ணின் விலாசம் சொந்த ஊரில் எல்லோர் கண்ணிலும் படுவது இப்படித்தான். இந்த ஏற்பாடு பெண்களுக்குச் செய்யும் தீங்கை நான் கொஞ்சமும் குறைத்துச் சொல்ல மாட்டேன். மாற்றப்பட வேண்டிய பிரிவு இது.

ஆனால் "யார் ஆட்சேபித்தாலும் கல்யாணம் நின்றுவிடும்" என்பது பொய். உயிரோடிருக்கும் இன்னொரு துணை, சம்மதம் தர இயலாத மனநிலை, வயதுக் குறைவு, தடைசெய்யப்பட்ட உறவுமுறை ஆகியவை மட்டுமே காரணமாக நிற்கும். ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 நிரம்பியிருந்தால், அப்பாவுக்குப் பிடிக்கவில்லை, வேறு மதம், வேற்று நாட்டான் என்பதெல்லாம் ஆட்சேபனையே அல்ல. வந்த ஆட்சேபனையையும் 30 நாளுக்குள் விசாரித்து முடிவு சொல்ல வேண்டிய கடமை அதிகாரிக்கு உண்டு.

திருமண நாளில் நடப்பது மிக எளிமை. மூன்று சாட்சிகள், ஓர் அதிகாரி. "இன்னார் ஆகிய நான் உன்னை என் சட்டபூர்வமான மனைவியாக (அல்லது கணவனாக) ஏற்கிறேன்" என்ற ஒரு வாக்கியத்தை இருவரும் தங்களுக்குப் புரிந்த மொழியில் மாறிமாறிச் சொல்ல வேண்டும். தாலியோ மோதிரமோ உங்கள் விருப்பம்.

உண்மையான தலைவலி காகிதங்கள். வெளிநாட்டவர் தன் நாட்டிலிருந்து திருமணமாகாதவர் என்ற சான்றும், விவாகரத்தானவர் என்றால் தீர்ப்பு நகலும், வேற்று மொழியில் இருந்தால் மொழிபெயர்ப்பும் கிளம்பும்போதே எடுத்து வர வேண்டும். எல்லா நாடுகளும் அப்படியொரு சான்றைத் தருவதில்லை. அமெரிக்கத் தூதரகம் உறுதிமொழிப் பத்திரம்தான் போட்டுத்தரும். உங்கள் சார்பதிவாளர் எதை ஏற்பார் என்று டிக்கெட் போடும் முன்பே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

ஓரினத் தம்பதிகள் பலரும் இதே கேள்வியோடு வருகிறார்கள். 2023 அக்டோபர் 17-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புப்படி சிறப்புத் திருமணச் சட்டத்தில் அவர்களுக்கு இடமில்லை. வேதனையோடுதான் இதை எழுதுகிறேன்.

"கல்யாணம் ஆகிவிட்டது, இனி விசா எதற்கு?"

இந்த நம்பிக்கைதான் உண்மையிலேயே சிறைக்கு இழுத்துப் போகக்கூடியது. கழுத்தில் தாலி ஏறினாலும் விசாவின் கடைசித் தேதி மாறாது. 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குடிவரவு, வெளிநாட்டவர் சட்டப்படி, காலம் தாண்டித் தங்கினால் மூன்று ஆண்டு வரை சிறை, மூன்று லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆகவே திருமணச் சான்று கைக்கு வந்ததும், விசா உயிரோடிருக்கும்போதே, இ-எஃப்.ஆர்.ஆர்.ஓ. இணையதளத்தில் எக்ஸ் விசா எனப்படும் நுழைவு விசாவுக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இருவரும் சேர்ந்து வாழ்கிறார்களா என்று விசாரிப்பார்கள், பின்னணியையும் பார்ப்பார்கள். வீட்டில் தங்கவைத்த மாமனார் 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தை (பழைய பெயரில் ஃபார்ம் சி) பதிவு செய்தாரா என்ற கேள்வியும் வரும். அது ஹோட்டல்காரர்களுக்கு மட்டும் என்று நினைத்துப் பல வீடுகளில் விட்டுவிடுகிறார்கள்.

வெளிநாட்டு இந்தியக் குடிமகன் என்ற ஓ.சி.ஐ. அட்டையைத் துணை என்ற முறையில் பெற, பதிவு செய்யப்பட்ட திருமணம் தொடர்ந்து இரண்டு ஆண்டு நீடித்திருக்க வேண்டும். விண்ணப்பிப்பவரோ அவருடைய பெற்றோர், தாத்தா பாட்டியோ பாகிஸ்தான், வங்கதேசக் குடிமக்களாக இருந்திருந்தால் அது கிடைக்காது. மணவாழ்க்கை முறிந்து விவாகரத்தானால் துணை என்ற முறையில் பெற்ற அட்டையும் ரத்தாகும். குடியுரிமை கேட்க ஏழு ஆண்டு இந்தியாவில் வாழ்ந்திருக்க வேண்டும். கிடைக்கும்போது சொந்த நாட்டுக் குடியுரிமையைத் துறக்கவும் வேண்டும், இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை.

கடைசியாக எதிர்த்திசை. "அமெரிக்கக் குடிமகனைக் கட்டியாகிவிட்டது, டூரிஸ்ட் விசாவில் போய் அங்கேயே கிரீன் கார்டு வாங்கிக்கொள்ளலாம், இன்டர்வியூவில் கல்யாணமானதைச் சொல்லாதே" என்று சொல்லித்தரும் ஏஜென்ட்டுகள் இருக்கிறார்கள். விசா அதிகாரியிடம் சொல்லும் பொய்க்கு அமெரிக்கச் சட்டம் வைத்திருக்கும் தண்டனை வாழ்நாள் தடை. விலக்கு கேட்கலாம், ஆனால் அது கிடைத்தே தீரும் என்பதில்லை. சுற்றிப்பார்க்கப் போன இடத்தில் மனம் ஒப்பி மணந்தவருக்கு அங்கிருந்தே விண்ணப்பிக்க வழி உண்டு. ஆனால் போகும்போதே அந்தத் திட்டம் இருந்ததா என்பதைத்தான் அதிகாரிகள் துருவுவார்கள், நுழைந்த 90 நாளுக்குள் நடந்த திருமணத்தை அமெரிக்கத் தூதரகங்கள் சந்தேகத்தோடு பார்க்கும். இங்கேயே மணமானவர் செய்ய வேண்டியது, கணவரோ மனைவியோ அங்கிருந்து ஐ-130 மனு போடுவதும், அது அனுமதியாகித் துணைக்கான குடியேற்ற விசா வரும்வரை காத்திருப்பதும்தான்.