ரேஞ்ச்ஃபைண்டர் ரிப்பேர்: ஸ்க்ரூவைத் தொடுமுன் பழுதைப் பிடியுங்கள்!

ஃபிலிம் போட்டோகிராஃபி மறுபடியும் காசு பார்க்கும் வேலையாகிவிட்டது. 1984-இல் அறிமுகமான எம்6 கேமராவை லைக்கா நிறுவனம் 2022-இல் மீண்டும் தயாரித்து விற்கத் தொடங்கியதே இதற்குச் சாட்சி. ஃபிலிமில் எடுத்துத் தரச் சொல்லும் கிளையன்ட்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பிடிக்க உங்களோடு மோதும் ஆட்களும் இருக்கிறார்கள். அந்த மோதலில் "கேமரா கொஞ்சம் விலகியிருந்தது சார்" என்ற சமாதானம் எடுபடாது. படம் மங்கினால் மங்குவது உங்கள் பெயர்தான்.

எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸ் காண்பதையே நீங்களும் காண்கிறீர்கள். ரேஞ்ச்ஃபைண்டரில் அப்படி இல்லை. இரண்டு ஜன்னல்கள் வழியே வரும் இரண்டு பிம்பங்கள் வியூஃபைண்டரின் நடுவில் உள்ள சின்னப் பேட்ச்சில் விழும். லென்ஸைத் திருப்பும்போது உள்ளே ஒரு நெம்புகோல் நகர்ந்து அவற்றை ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்தும். இந்த இணைப்பில் எங்காவது சிறிது விலகினால் கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரியும். ஃபிலிம் கழுவி வந்த பிறகே விஷயம் வெளிவரும். ஆகவே கேமராவை நம்பாதீர்கள், சோதியுங்கள்.

1. விலகல் எந்தத் திசையில் என்று பாருங்கள்.
லென்ஸை இன்ஃபினிட்டியில் நிறுத்துங்கள். ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கோபுரத்தையோ டவரையோ பாருங்கள். தெருமுனைக் கம்பம் போதாது. இரவில் நிலா நல்ல குறி. இரண்டு பிம்பங்களும் மேலும் கீழுமாக நின்றால் அது செங்குத்து விலகல். எரிச்சல் தரும், வேகத்தைக் குறைக்கும், ஆனால் ஃபோகஸை அதிகம் கெடுக்காது. பக்கவாட்டில் விலகி நின்றால்தான் ஆபத்து. அடுத்து ஒரு மீட்டர் தூரத்தை ஃபிலிம் இருக்கும் தளத்திலிருந்து டேப்பால் அளந்து, அங்கே ஒரு பொருளை வைத்துப் பேட்ச்சைப் பொருத்துங்கள். லென்ஸின் தூர அளவும் ஒரு மீட்டர் காட்ட வேண்டும். பார்த்ததை எல்லாம் எழுதி வையுங்கள்.

2. குற்றவாளி பாடியா, லென்ஸா?
லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா என்றால் இரண்டாவது லென்ஸ் ஒன்றைக் கடன் வாங்கிப் போட்டுப் பாருங்கள். இரண்டிலும் ஒரே தவறு என்றால் பாடி. ஒன்றில் மட்டும் என்றால் லென்ஸ். லென்ஸ் தவறாக இருக்கும்போது பாடியைத் திருத்தினால் நன்றாக இருக்கும் மற்ற லென்ஸ்களையும் சேர்த்துக் கெடுப்பீர்கள்.

3. ஃபிலிம் செலவில்லாமல் நிரூபியுங்கள்.
பின்கதவைத் திறங்கள். ஃபிலிம் படியும் உள்தண்டவாளங்களின் மேல், சொரசொரப்பான பக்கம் லென்ஸைப் பார்க்கும்படி, ஒரு மங்கலான பிளாஸ்டிக் துண்டைத் தட்டையாக வையுங்கள். அப்பெர்ச்சரை முழுதாகத் திறந்து, ஷட்டரை 'பி'யில் பூட்டி, அந்தத் திரையில் விழும் பிம்பத்தை லூப் வழியே பாருங்கள். பேட்ச் சொல்வதும் திரை சொல்வதும் ஒன்றுதானா? உண்மை திரையில்தான் இருக்கிறது. சூரியனை மட்டும் குறி வைக்காதீர்கள். கண்ணுக்கு ஆபத்து, லென்ஸ் வழியே குவியும் வெயில் துணி ஷட்டரில் ஓட்டையும் போடும்.

4. சுலபமான வேலையில் கை பழகுங்கள்.
எழுபதுகளின் ஜப்பானியக் கேமராக்களில் பின்கதவு ஓரத்து ஃபோம் இன்று பிசுபிசுத்த தாராகியிருக்கும். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலும் மரக்குச்சியும் போதும். சுரண்டி எடுத்துப் புதுசு ஒட்டுங்கள். துகள் ஷட்டரில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேட்ச் மங்கலாக இருந்தால் வெளிக் கண்ணாடிகளைத் துடையுங்கள். அப்போதும் தெளியவில்லையா? வியூஃபைண்டரின் முன் ஜன்னல் நடுவில் துளியளவு கறுப்பு டேப் ஒட்டிப் பாருங்கள், பேட்ச் பளிச்சென்று எழும். வேண்டாமென்றால் உரித்துவிடலாம். தொடங்குபவர் முதலில் செய்ய வேண்டியது இப்படிப்பட்ட ஆபத்து குறைந்த வேலைகளை மட்டுமே.

5. மாடலைப் படியுங்கள்.
எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம் கிடையாது. சோவியத் ஸோர்க்கி-4 கேமராவில் முன்பக்கத்து மூடி ஸ்க்ரூவை எடுத்தால் இன்ஃபினிட்டி திருத்தம் கைக்கு எட்டும். வட்ட ஜன்னலில் உள்ள கண்ணாடியைச் சுழற்றினால் செங்குத்து மாறும். லைக்கா எம்6-இல் செங்குத்துத் திருத்தத்துக்கான வழி முகப்பின் சிவப்பு வட்டத்துக்குப் பின்னால் இருக்கிறது. இன்ஃபினிட்டியோ லென்ஸ் மவுண்டுக்குள் தெரியும் உருளையில். பல ஜப்பானிய மாடல்களில் டாப் கவரைக் கழற்றியே ஆக வேண்டும். உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவல் கையில் இல்லாமல் எந்த ஸ்க்ரூவையும் தொடாதீர்கள்.

6. டூல்ஸில் கஞ்சத்தனம் வேண்டாம்.
ஜப்பானியக் கேமராக்களின் ஸ்க்ரூக்கள் பெரும்பாலும் ஜே.ஐ.எஸ். வகை. சாதாரண ஸ்டார் டிரைவர் அதில் வழுக்கித் தலையை நசுக்கிவிடும். நசுங்கிய ஸ்க்ரூவைப் பார்த்ததுமே கேமரா வாங்க வருபவர் விலையைக் குறைப்பார். ஜே.ஐ.எஸ். டிரைவர் செட், லென்ஸ் ஸ்பேனர், பிடி நழுவாத ரப்பர் துண்டு, வெள்ளைத் தட்டு. ஒவ்வொன்றைக் கழற்றும்போதும் மொபைலில் ஒரு படம். இவ்வளவே போதும்.

7. வரிசையை மாற்றாதீர்கள்.
முதலில் செங்குத்து, பிறகு இன்ஃபினிட்டி, கடைசியில் கிட்டத்துத் தூரம். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று நகரும். அதனால் மறுபடி முதலிலிருந்து ஒரு சுற்று. ஸ்க்ரூவைத் திருப்புமுன் அதன் நிலையை ஒரு சின்னக் கோடு போட்டுக் குறியுங்கள். ஒரு தடவைக்கு மயிரிழை அளவு போதும்.

8. இந்தக் கோடுகளைத் தாண்டாதீர்கள்.
ரேஞ்ச்ஃபைண்டருக்குள் பாதி ஒளியை விட்டுப் பாதியைத் திருப்பும் கண்ணாடியின் பூச்சு மிக மெல்லியது. பஞ்சால் ஒரு துடை துடைத்தால் தூசியோடு பூச்சும் போய்விடும், பேட்ச்சும் போய்விடும். லீஃப் ஷட்டர் தகடுகளுக்கு எண்ணெய் விடாதீர்கள். அவை உலர்ந்துதான் ஓட வேண்டும். ஸோர்க்கி, ஃபெட் வகைகளில் ஷட்டரைச் சார்ஜ் செய்த பிறகே ஸ்பீடை மாற்ற வேண்டும்.

9. பேட்டரிக் கோளாறைப் பழுதென்று நினைக்காதீர்கள்.
கேனனெட் க்யூ.எல்.17 ஜி-III 1.35 வோல்ட் மெர்க்குரி பேட்டரிக்காகச் செய்யப்பட்டது. அந்த பேட்டரி இன்று கடைகளில் இல்லை. 1.5 வோல்ட் அல்கலைன் போட்டால் மீட்டர் தவறாகக் காட்டும். ஜிங்க்-ஏர் செல் அல்லது வோல்டேஜைக் குறைக்கும் அடாப்டர் வாங்குங்கள். நிஜப் பழுது வேறு மாதிரி: யாஷிகா எலக்ட்ரோ 35-இல் வைண்ட் லீவரைத் தள்ளும்போது 'க்ளங்க்' என்று ஒரு சத்தம் வர வேண்டும். வராவிட்டால் உள்ளே ஒரு ரப்பர் பேட் சிதைந்திருக்க வாய்ப்பு அதிகம். அது சர்வீஸ் வேலை. செகண்ட்ஹேண்டில் வாங்கும்போதே இந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.

10. டெக்னீஷியனிடம் நோயாளியாகப் போகாதீர்கள்.
"சரியா வேலை செய்யல அண்ணே, பாருங்க" என்று கேமராவை நீட்டுபவருக்கு எஸ்டிமேட்டும் மொத்தமாகவே வரும். "இன்ஃபினிட்டியில் பேட்ச் வலப்பக்கம் நிற்கிறது, ஒரு மீட்டரில் சரியாக இருக்கிறது, இரண்டு லென்ஸிலும் அதே கதை" என்று சொல்பவரிடம் தேவையில்லாத வேலையை ஏற்றி பில் போடுவது கஷ்டம். ஷட்டரில் சந்தேகமா? பின்கதவைத் திறந்து மொபைலில் 240 ஃப்ரேம் ஸ்லோமோஷனில் எடுங்கள். 1/30 ஸ்பீடில் சுமார் 8 ஃப்ரேம்களில் வெளிச்சம் தெரிய வேண்டும். அந்த வீடியோவையும் குறிப்போடு கொடுங்கள். நீங்களே திறந்து பார்த்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஸ்க்ரூவைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிடும். மறைத்தால் அடுத்த முறை உங்கள் கேமரா வரிசையின் கடைசியில் போய் நிற்கும்.

11. பேச வேண்டியதை முன்பே பேசுங்கள்.
எந்த வேலைக்கு எவ்வளவு? 'சி.எல்.ஏ.' என்று பில்லில் எழுதினால் சுத்தம், எண்ணெய், திருத்தம் மூன்றும் அதில் அடங்குமா? எத்தனை மாத கேரண்டி? கழற்றிய பார்ட்ஸைத் திருப்பித் தருவாரா? எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். நீங்கள் அதிகம் பயன்படுத்தும் லென்ஸையும் சேர்த்தே கொடுங்கள். இரண்டையும் ஒன்றாகப் பார்த்தால்தான் திருத்தம் நிற்கும். சீசன் தொடங்குவதற்கு முந்தைய வாரம் போய் நிற்காதீர்கள். திரும்ப வந்ததும் முதல், மூன்றாம் எண் டெஸ்ட்களை நீங்களே மறுபடி செய்யுங்கள். அதன் பிறகே கிளையன்ட் வேலைக்கு எடுங்கள்.

12. தெரிந்ததை விற்கப் பழகுங்கள்.
கூட இருக்கும் போட்டோகிராஃபர்களில் பாதிப்பேருக்கு இந்தச் சோதனைகள் தெரியாது. உங்களுக்குத் தெரியும் என்பது பரவினால் கேமரா வாங்கப் போகிறவர் உங்களைக் கூட்டிக்கொண்டு போவார். அந்த நேரத்துக்குக் கட்டணம் வாங்குங்கள். சீனியரிடம் அசிஸ்டெண்டாகச் சேரும் இன்டர்வியூவில் "உங்கள் பாடிகளை மாதம் ஒருமுறை செக் செய்து ரெக்கார்ட் வைப்பேன்" என்று சொல்லிப் பாருங்கள். போர்ட்ஃபோலியோ எல்லோரிடமும் இருக்கிறது, இது இருக்காது. பேட்ச் விலகிய கேமராவைக் குறைந்த விலைக்கு வாங்கி, திருத்தி, டெஸ்ட் படங்களோடு விற்பதும் நேர்மையான லாபம்தான். செய்த வேலையை மட்டும் விளம்பரத்தில் ஒளிக்காமல் எழுதுங்கள்.

இந்த வாரமே தொடங்குங்கள். கையில் உள்ள ஒவ்வொரு பாடிக்கும் ஒரு பக்கம்: தேதி, இன்ஃபினிட்டி, ஒரு மீட்டர், ஷட்டர், பேட்டரி. அந்த ஐந்து வரிகளை நிரப்ப முடியாத கேமராவை எந்த வேலைக்கும் எடுத்துப் போகாதீர்கள்.