வருஷத்துக்கு எத்தனை ரீசார்ஜ்? ஒரு கணக்குப் பாடம்

பெரம்பலூர் பக்கம் சின்ன வெங்காயம் போடும் வீடாக இருக்கட்டும், அரியலூரில் சிமென்ட் ஆலை வேலைக்குப் போகும் வீடாக இருக்கட்டும், மூன்று நான்கு சிம் இருப்பது இப்போது சாதாரணம். அதில் ஒன்று பட்டன் போனில் இருக்கும். அம்மாவோ தாத்தாவோ வைத்திருப்பார். ஆதார், ரேஷன் கார்டு, வங்கிக் கணக்கு எல்லாம் அந்த எண்ணோடுதான் இணைந்திருக்கும். அதற்கும் நெட் பிளானையே போட்டுக்கொண்டு இருக்கிறீர்களா? ஒரு பேப்பரும் பேனாவும் எடுங்க.

28 நாள் பிளானை மாத பிளான் என்றே நினைத்துவிடுகிறோம். வருஷத்துக்கு 12 அல்ல, 13 முறை போட வேண்டும். 2024 ஜூலை விலையேற்றத்துக்குப் பிறகு, தினம் 1.5 ஜிபி தரும் 28 நாள் பிளான் ஜியோவில் 299 ரூபாய், ஏர்டெல், வி இரண்டிலும் 349 ரூபாய் ஆனது. 13 ஆல் பெருக்கினால் 3,887 ரூபாய், 4,537 ரூபாய். அதே 1.5 ஜிபியை 84 நாளுக்குப் போட்டால் ஜியோவில் 799, மற்ற இரண்டிலும் 859. ஏர்டெல்லில் ஒரு நாள் செலவு 12 ரூபாய் 46 காசிலிருந்து 10 ரூபாய் 23 காசுக்கு இறங்கிவிடும். மொத்தமாகப் பணம் புரட்ட முடிந்தவருக்குத்தான் இந்த லாபம் என்பதும் உண்மை.

இனி பட்டன் போன். நெட் வேண்டாதவர்களுக்கு, பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள ரீசார்ஜை ஒவ்வொரு நிறுவனமும் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்தது. 2025 ஜனவரியில் ஏர்டெல் 1,849 ரூபாய்க்கும், ஜியோ 1,748 ரூபாய்க்கும் நீண்டகால பிளானை அறிவித்தன. ஜியோ 101 ரூபாய் குறைவு என்று உடனே முடிவு பண்ணிடாதீங்க. முதலாவது 365 நாள், இரண்டாவது 336 நாள். வகுத்துப் பார்த்தால் நாளுக்கு 5 ரூபாய் 7 காசு, 5 ரூபாய் 20 காசு. எப்படியானாலும் 349 ரூபாயை 13 முறை போடுவதைவிட வருஷத்துக்கு இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல் மிச்சம். கடையில் "நெட் இல்லாத பிளான் என்ன இருக்கு?" என்று நீங்களாகக் கேளுங்கள்.

காசு மிச்சம் என்று ரீசார்ஜே போடாமல் விடுவது ஆபத்து. 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல், இருப்பும் 20 ரூபாய்க்குக் கீழே இருந்தால் எண் முடக்கப்படலாம். பிறகு அது வேறொருவருக்குப் போகலாம். அதன்பின் உங்கள் ஓடிபி யார் கைக்குப் போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

விலைகள் மாறிக்கொண்டே இருப்பவை. எல்லா நிறுவனங்களின் கட்டணத்தையும் டிராய் தன் இணையதளத்தின் கட்டணப் பக்கத்தில் ஒரே இடத்தில் வைத்திருக்கிறது. போடுவதற்கு முன் அங்கே பாருங்கள்.

நிறுவனத்தையே மாற்றுவதாக இருந்தால் முதலில் சிக்னலைப் பாருங்கள். பச்சைமலை அடிவார ஊர்களில் விலைப்பட்டியலைவிடப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதுதான் உதவும். வீட்டுக்குள்ளும், கொல்லையிலும் அவர் போனில் ஒருமுறை பேசிப் பாருங்கள். திருப்தி என்றால், 'போர்ட்' என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, இடம் விட்டு உங்கள் எண்ணைச் சேர்த்து 1900க்கு அனுப்புங்கள். வரும் குறியீடு 4 நாள் செல்லும். இப்போதுள்ள நிறுவனத்தில் 90 நாள் முடிந்திருக்க வேண்டும். சிம்மைத் தொலைத்துவிட்டு மாற்று சிம் வாங்கியிருந்தால் 7 நாள் கழித்துத்தான் குறியீடு கிடைக்கும்.