இரண்டு கட்சிச் சண்டை எங்கிருந்து வந்தது?

கேள்வி: என் மகன் ஆடும் ஆன்லைன் கேமில் எல்லாரும் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடுகிறார்கள். அதற்கும் மேலே ஒளி, இருள், ஒழுங்கு, குழப்பம் என்று அண்டத்துச் சக்திகள் வேறு மோதுகின்றனவாம். இந்தக் கதையை எல்லாம் முதலில் யார் கட்டினார்கள்?
– ஒரு வாசகி, மீரியபெத்த

பதில்: இந்த வகைக் கேம்களில் பேர் பெற்றது 2004-இல் வந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்'. அலையன்ஸ், ஹோர்ட் என்று அதில் இரண்டு அணிகள். அவற்றுக்கு மேலே ஒளி, நிழல், ஒழுங்கு, சீர்குலைவு, உயிர், சாவு என்று ஆறு சக்திகள்.

இதன் வேர் நாவல்களில் இருக்கிறது. அமெரிக்கரான போல் ஆண்டர்சன், 1961-இல் வந்த தமது நாவலில் ஒழுங்கும் குழப்பமும் மோதும் களமாக உலகத்தைக் காட்டினார். அதே ஆண்டு இங்கிலாந்தில் மைக்கேல் மூர்காக் எல்ரிக் கதைகளைத் தொடங்கினார். அவர் கதைகளில் இரண்டில் எது முழுதாக ஜெயித்தாலும் உலகத்துக்குக் கேடு. 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டைக் கொண்டுவந்தபோது, ஆடுகிறவர் ஒழுங்கின் பக்கமா, குழப்பத்தின் பக்கமா, நடுவிலா என்று தேர்ந்துகொள்ளும்படி வைத்தார்கள். கணினி விளையாட்டுகள் அங்கிருந்து நிறையவே எடுத்துக்கொண்டன.

ஆனால் அம்மா, கட்சி கட்டி அண்டத்துச் சண்டை பேசுவது நமக்குப் புதிதே இல்லை. மாசி மாதம் மலையகத் தோட்டங்களில் கம்பம் ஊன்றி, தப்பு அடித்து ஆடும் காமன் கூத்தை நினைத்துப் பாருங்கள். சூரனின் கொடுமை தாங்காத தேவர்களுக்குச் சிவனின் பிள்ளை வேண்டும், சிவனோ தவத்தில். காமன் என்கிற மன்மதனை அனுப்புகிறார்கள். போகாதே என்று அவன் மனைவி ரதி அழுது தடுக்கிறாள். அவன் போகிறான், மலர்க்கணை விடுகிறான், சிவனின் நெற்றிக்கண் திறந்து அவனை எரிக்கிறது. ஆசை ஒரு பக்கம், தவம் ஒரு பக்கம். இரண்டில் எதையும் கெட்டது என்று தள்ள முடியாது. அழுகிற ரதிக்காக, அவள் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி அவன் திரும்ப எழுகிறான்.

அப்படியென்றால் காமன் எரிந்தானா, எரியவில்லையா? இதே கேள்விக்காகத் தஞ்சைப் பக்கத்தில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டாகப் பிரிந்து, லாவணி பாடி விடிய விடிய வாதம் செய்வார்கள். லாவணி மராட்டியர் ஆட்சியோடு தஞ்சைக்கு வந்த பாட்டுமுறை. காமன் கதையோ கோப்பித் தோட்டத்துக்கு ஆள் வந்த காலத்தில் அவர்களோடு கடல் தாண்டி வந்தது.

எந்தக் கேம் கதைக்கும் இது குறைந்ததில்லை. எதிரியைக் கொன்றால் முடிந்தது என்று இருக்கிற பல கேம்களைவிட ஆழமானது என்றே சொல்வேன். 2014 அக்டோபர் மண்சரிவு உங்கள் ஊரிலிருந்து எத்தனையோ பேரைக் கொண்டுபோய்விட்டது. இருக்கிற பெரியவர்களில் யாருக்காவது காமன் பாட்டு முழுதாகத் தெரிந்தால், உங்கள் மகனையே போனோடு அனுப்புங்கள். அடுத்த மாசிக்குள் அதை ஒலிப்பதிவு செய்து வைக்கட்டும்.