சொற்பட்டியல் எங்கே போனது?

ஆண்டு மலர் அச்சுக்குப் போகவிருந்த வாரம் அது. எங்கள் தமிழ்ப் பேரவை அறைக் கணினியில் பழைய சொற்பட்டியல் மென்பொருள் ஒன்று உண்டு. மூத்த மாணவர்கள் தொடங்கிவைத்த கலைச்சொற்களோடு நாங்கள் மூன்றாண்டுகளாகச் சேர்த்தவையும் அதில் இருந்தன. அன்று திறந்து பார்த்தால், நாங்கள் சேர்த்த சொற்களில் ஒன்றுகூட இல்லை! உண்மையில் எதுவும் அழியவில்லை. உங்களுக்கும் இந்நிலை வரலாம் என்பதால் காரணத்தையும் தீர்வையும் இங்கே எழுதுகிறேன்.

காரணம் என்ன?

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் பெரும்பாலோர் நிர்வாகிக் கணக்கிலேயே கணினியைப் பயன்படுத்தினர். மென்பொருள்களும் தரவை 'புரோகிராம் ஃபைல்ஸ்' கோப்புறையில் தம் பக்கத்திலேயே எழுதிவைத்தன. 2007இல் வந்த விஸ்டா அந்த இடத்தில் எழுதத் தடை விதித்தது. பழைய 32 பிட் மென்பொருள்கள் முடங்காமல் இருக்க, அவை எழுதுவதை ஒவ்வொரு பயனருக்கும் உரிய 'வர்ச்சுவல்ஸ்டோர்' என்னும் கோப்புறைக்குச் சத்தமில்லாமல் திருப்பிவிட்டது. விண்டோஸ் 11இலும் இவ்வழக்கம் தொடர்கிறது.

மென்பொருளை 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறந்தால் இந்தத் திருப்பம் நின்றுவிடும். மூலக் கோப்பு மட்டுமே தெரியும். நாங்கள் செய்த பிழை அதுதான். வேறொரு பயனர் கணக்கில் நுழைந்தாலும் நம் கோப்பு தெரியாது.

என்ன செய்யலாம்?

1. மென்பொருளை மூடுங்கள். நீக்கவோ மீண்டும் நிறுவவோ வேண்டாம்.

2. சி டிரைவில் யூசர்ஸ், உங்கள் பெயர், ஆப்டேட்டா, லோக்கல், வர்ச்சுவல்ஸ்டோர் என வரிசையாகத் திறங்கள். ஆப்டேட்டா மறைந்திருக்கும், 'வியூ' பட்டியலில் மறைந்தவற்றைக் காட்டச் சொல்லுங்கள். கணினியில் உள்ள ஒவ்வொரு கணக்கிலும் இப்படித் தேடுங்கள்.

3. கிடைத்த கோப்புகளையும் மூலக் கோப்பையும் தனித்தனிக் கோப்புறைகளில் பென்டிரைவில் படியெடுத்த பிறகே தேதிகளை ஒப்பிடுங்கள்.

4. மென்பொருளின் அமைப்பில் இடம் மாற்ற வழியிருந்தால், தரவுக்கெனத் தனிக் கோப்புறை ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அங்கும் 'அனுமதி இல்லை' என்று வந்தால், அக்கோப்புறையின் 'புராப்பர்ட்டீஸ்', 'செக்யூரிட்டி' பகுதியில் தேவையான பயனர்களுக்கு மட்டும் 'மாடிஃபை' அனுமதி கொடுங்கள். புரோகிராம் ஃபைல்ஸ் முழுவதையும் எல்லாருக்கும் திறந்துவிடுவது, ஒரு சாவி தொலைந்ததற்காக வீட்டுக் கதவையே கழற்றுவது போன்றது.

5. 'டாக்குமெண்ட்ஸ்' கோப்புறை மட்டும் மறுத்தால், விண்டோஸ் செக்யூரிட்டியில் 'கண்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' இயங்குகிறதா என்று பாருங்கள். 2017இல் விண்டோஸ் 10இல் சேர்ந்த பாதுகாப்பு இது. அதை அணைக்காமல், நம்பகமான அந்த மென்பொருளை மட்டும் அனுமதிப் பட்டியலில் சேர்த்தால் போதும்.

எங்கள் சொற்கள், பட்டம் பெற்றுச் சென்ற செயலாளரின் பழைய கணக்கில் கிடைத்தன. பயன்படாத கணக்குகளை நீக்கக் குறித்துவைத்திருந்த பட்டியலில் அதுவும் இருந்தது. ஒரு வாரம் தாமதித்திருந்தால் மூன்றாண்டு உழைப்பும் கணக்கோடு போயிருக்கும். பேரவைப் பொறுப்பைக் கைமாற்றும்போது, தரவு எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்பதையும் எழுதிக் கொடுங்கள், நண்பர்களே.